சாம்பிராணிக்கு எடுத்த தணல்

இன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் பார்பிகியூ மூட்டினார். வேலிக்கு மேலால் கரி மணம் வந்ததும் நான் எழும்பிப் போய் யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். புகை வந்தால் சனம் யன்னலைச் சாத்தும். நான் திறக்கிறவள்.

"அம்மா, புகை உள்ளுக்கை வருதெல்லே?" என்று மகன் சிரித்தான்.

வரட்டும். மணக்கிற புகைக்கு எனக்குப் பயமில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மன்னாரிலிருந்து வந்து, இந்த லண்டனில் லோண்டரியில் படுக்கைவிரிப்பு மடித்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள். பயந்தாங்கொள்ளி என்று என்னை எவரும் சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. ஆனால் தணல் என்றால் இந்த வயதிலும் நெஞ்சு பதறும்.

இதே மகனின் ஞானஸ்நானத்துக்குத்தான் எங்கள் வீட்டில் முதன்முதல் பார்பிகியூ போட்டது. அப்போது லூயிஷாமில் வாடகை வீடு. என் மனுசன் வேலையிடத்து வெள்ளைக்காரரைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு தகர அடுப்பும் ஒரு பை கரியும் வாங்கி வந்தார். கோழிக்கு மிளகாய்த்தூளும் தேசிப்புளியும் பூசிக் கொடுத்தது நான். ஆகையால் ருசி நல்லது. சுட்டது அவர். ஆகையால் வெளியில் கருக்கல், உள்ளே பச்சை. "அண்ணை, கோழி தீஞ்சு போச்சுது, கரியைப் போடுங்கோ சாப்பிடுவம்" என்று கோயிலால் வந்த ஒருவர் பகிடி விட்டார்.

பிள்ளைப்பேறு பார்க்க ஜெர்மனியிலிருந்து என் மனுசனுடைய தமக்கை வந்திருந்தார். எனக்கு மச்சாள். அவருக்குப் பிள்ளையில்லை. நிலத்தில் இருந்துகொண்டு இரண்டு காலையும் நீட்டி, அதில் என் பிள்ளையைக் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார். பெட்டிக்குள் சாம்பிராணியும் கொண்டுவந்திருந்தார். காஸ் அடுப்பு வீட்டில் தணலுக்கு எங்கே போவது? அந்தக் குறை அவருக்கு ஒவ்வொரு நாளும்.

அன்று அடுப்பைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பழைய சட்டி நிறையத் தணல் அள்ளினார். "பிள்ளைக்குத் தலை காய வைக்கப் போறன். ஒருத்தரும் கதவைத் திறக்காதேங்கோ, குளிர்காத்து அடிக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நான் சனத்துக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் பால் கட்டி நொந்தது. பால் குடிக்கிற நேரம். அந்த நேரத்துக்கு வீட்டையே தலைகீழாக்குகிறவன் மூச்சுக் காட்டவில்லை. சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுப் படி ஏறினேன்.

கதவு தள்ள இறுகியது. அடியில் துவாய் செருகியிருந்தார். உள்ளே புகையே இல்லை, சாம்பிராணி வாசம் மட்டும். மச்சாள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி கண்ணயர்ந்திருந்தார். பிள்ளை காலில் கிடந்தான். கன்னமெல்லாம் சிவந்து, அவ்வளவு வடிவாக அவனை நான் கண்டதேயில்லை. தூக்கினேன். கையும் காலும் ஈரத்துணி மாதிரித் தொங்கின.

"இஞ்சாருங்கோ, அக்காவைத் தூக்குங்கோ" என்று கத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். தூறல். யாரோ பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தார்கள், யாரோ அருள் நிறைந்த மரியே சொன்னார்கள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழடா, அழடா. எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு ஒரு சின்னச் சிணுங்கல். அதன் பிறகுதான் அழுகை.

ஆம்புலன்ஸ்காரன் சட்டியைக் காட்டிச் சொன்னதை இவர் தமிழில் சொன்னார். தணலிலிருந்து வருகிற நஞ்சுக்கு மணமுமில்லை, நிறமுமில்லையாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சாள் என் கையைப் பிடித்தார். "ஊரிலை எத்தினை பிள்ளையளுக்குச் செய்தனான்."

"ஓம் மச்சாள். அங்கை ஓட்டுக்குள்ளாலை காத்து வரும். இஞ்சை வராது" என்றேன்.

அதன் பிறகு எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பேறுக்கும் மச்சாள் வந்தார். சமைத்தார், உடுப்புத் தோய்த்தார். பிள்ளையைக் கொண்டுபோய்க் கிட்ட வைத்தால் மட்டும் காலை மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொள்வார். "கால் உளையுது, நீயே பிள்ளைக்குத் தண்ணி வார்" என்பார்.

மச்சாள் ஜெர்மனி மண்ணில் அடங்கிவிட்டார். மகனுடைய பார்பிகியூ அடுப்பு இப்போது காஸ், திருகினால் பற்றும், திருகினால் அணையும். தணலே விழுவதில்லை. பேரப்பிள்ளைகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் குளிப்பாட்டினார்கள். நீட்டின அந்த இரண்டு காலையும் லூயிஷாம் வீட்டுக்குப் பிறகு நான் காணவேயில்லை.