வெளியே வர மறுத்த ஏழாவது வரி

ஜோசபின் ஜெபமணி புனேயில் கோர்படி ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். கல்லூரிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று வீட்டில் முடிவானபோது, அந்த ஒருவர் அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய அண்ணனாக இருந்தார். அவள் தட்டச்சுத் தேர்வு எழுதி, அதே ஊரின் கேம்ப் பகுதியில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஓர் அலுவலகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள்.

1999இல் அங்கே ஒரு தர்க்கவியல் பாடநூல் வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு நிரூபணங்கள். ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் நூலாசிரியரான பேராசிரியர் பேனாவால் நெட்டுக்கோடு இழுத்து, மேலும் கீழும் மடக்கிப் பகர அடைப்பு போட்டிருந்தார். அதன் பொருள் எளிது. 'ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கும் வரியில் அடைப்பு திறக்கும். அந்தப் பேச்சு முடியும் வரியில் மூடும். மூடிய பிறகு, உள்ளே கிடைத்த எந்த வரியையும் வெளியே சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இதைப் படித்தபோது ஜோசபினுக்கு உடம்பு சிலிர்த்தது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, ஆபரேட்டருக்குப் புத்தி எதற்கு என்று யாரோ எப்போதோ ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டதைத்தானே கோட்டுக்கு வெளியே இழுத்துவந்து, உண்மை என்று சொல்லி ஊரை நடத்துகிறார்கள்?

மற்றவர்கள் கோடுகளை அளந்து அளந்து ஒட்டினார்கள். நடுவில் ஒரு வரி கூடினால் அத்தனையும் பாழ். ஜோசபின் மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து, அந்த வேலையைக் கணினியே செய்யும்படி ஒரு கட்டளைத் தொகுப்பை, ஒரு மேக்ரோவை, எழுதினாள். எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சொன்னால் போதும். கோடு தானே வளரும், சுருங்கும், உள்ளே இன்னொரு கோடு வந்தால் ஒதுங்கி இடம் விடும். வரிகளுக்குப் பெயர் வைத்துவிட்டால், பின்னால் வரும் வரி ஆதாரமாகக் காட்டும் எண்ணையும் அதுவே போடும்.

ஏழாம் அத்தியாயத்தில் அது சறுக்கியது. ஒரு நிரூபணத்தின் பன்னிரண்டாவது வரியில், ஆதாரமாக ஏழாவது வரியின் எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள்.

மேற்பார்வையாளர் பத்ரிநாத், சென்னையிலிருந்து வந்த பட்டதாரி, அச்சிட்ட தாளைத் தூக்கிப் பிடித்தார். "இதாம்மா உன் மேக்ரோ லட்சணம்? நாலு மணிக்குள்ள சரியாகலைன்னா தூக்கிப் போட்டுடு. கோட்டை வேற ஆள் ஒட்டட்டும். நீ பழையபடி எழுத்து மட்டும் அடி."

மூன்று வார உழைப்புக்கு மூன்று மணி நேரம் மிச்சம்.

"ஏழுன்னு கையால போட்டு விடேன்," என்றான் பக்கத்து மேசை இர்பான். "சார் குஷ், நீயும் குஷ்."

"ஏன் வந்துச்சுன்னு தெரியாம எப்படிப் போடச் சொல்லுத?"

மேக்ரோவை வரி வரியாகப் பிரித்தாள். குற்றம் அகப்படவில்லை. அடுத்தடுத்த அடைப்புகளில் பெயர்கள் குழம்பக் கூடாது என்று, ஓர் அடைப்பு மூடியதும் அதற்குள் வைத்த பெயர்களைக் கணினி மறந்துவிடும்படி அவள் எழுதியிருந்தாள். ஏழாவது வரியை அது மறந்திருந்தது. ஏழாவது வரி எங்கே இருக்கிறது? நான்கில் திறந்து ஒன்பதில் மூடும் அடைப்புக்குள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய் இர்பானின் மேசையில் மோதியது.

"மேக்ரோ தப்பு இல்ல இர்பான். நிரூபணம் தப்பு."

"ப்ரொஃபசர் தப்பா? பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு?"

"அடைப்பு ஒம்பதுல மூடிட்டு. ஏழு உள்ள கிடக்கு. பன்னெண்டுல நின்னு கூப்பிட்டா எப்படி வரும்?"

இர்பான் விரல் வைத்து எண்ணினான். "அரே," என்றான் மெல்ல.

புத்தகம் முழுவதையும் மேக்ரோவில் ஓட்டினாள். இன்னும் ஐந்து இடங்களில் கேள்விக்குறி. நான்கு அவளுடைய தட்டச்சுப் பிழைகள். "உன் போலீஸ் உன்னையே பிடிக்குது பார்," என்று இர்பான் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே திருத்தினாள். ஐந்தாவது, பதினோராம் அத்தியாயத்தில், ஆசிரியருடையது.

ஆசிரியருக்குச் சந்தேகம் எழுதி அனுப்பும் படிவத்தில் 'கேட்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பட்டதாரிகளின் பெயர் மட்டுமே அதில் ஏறும்.

"ஆபரேட்டர் பேர் போற வழக்கம் இல்லை. என் பேர்ல அனுப்பிடறேன்," என்றார் பத்ரிநாத்.

"அனுப்புங்க சார். அவர் திருப்பிக் கேட்டா, பன்னெண்டாவது வரி ஏன் நிக்காதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் தாளைப் பார்த்தார். நான்கிலிருந்து ஒன்பது வரை கோட்டின்மேல் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். கடிகாரத்தில் மூன்று நாற்பது.

பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "எழுது. புரியற மாதிரி எழுது."

மறுநாள் வந்த ஃபேக்ஸ் அவள் பெயருக்கே வந்தது. இரண்டும் தவறுதான், பதினொரு ஆண்டுகளாக வகுப்பில் இதையே நடத்திவருகிறேன், ஒருவரும் கேட்டதில்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கூடவே திருத்திய நிரூபணங்கள். ஏழாம் அத்தியாயத்தில் அடைப்புக்குள் இரண்டு வரி கூடியிருந்தது; பழைய பன்னிரண்டாவது வரி இப்போது ஏழைக் கூப்பிடாமல், மூடிய அடைப்பு முழுவதையும் ஆதாரம் காட்டியது.

பத்ரிநாத் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஜோசபின் அந்த இரண்டு வரிகளையும் மாறிய ஆதாரத்தையும் அடித்து விசையைத் தட்டினாள். ஒன்பதில் நின்றிருந்த கோடு திரையில் பதினொன்றுவரை இறங்கி, மடங்கி, மூடியது. கேள்விக்குறி எங்கும் இல்லை.