அக்கா இருக்கிறாளா, போகிறாளா

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். சீசன் முழுக்க மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிய சனம், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவில் நிற்கும். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஏற்கனவே வீட்டில்தான் கிடந்தேன். மேலே படிக்க வைக்க வசதியில்லை. கம்பெனிக்கு அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

அந்த விடுமுறையில்தான் நாங்கள் அந்தப் பொம்மைப் படத்தைப் பிடித்துக்கொண்டோம். அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில், சாயங்காலம் தமிழில் பேசுகிற ஜப்பான்காரப் பிள்ளைகள். அதற்கு அனிமே என்று ஒரு பேர் இருப்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கச்சி, சீருடையைக்கூட மாற்றாமல் டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.

கதை இதுதான். ஒரு மலையூர், ஊர்க் கடைசியில் ஒரு பாலம். செத்துப்போனவர்களை ஒருவன் விளக்கு பிடித்து அந்தப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுவான். ஒரு பெண் மட்டும் போகமாட்டேன் என்று நின்றுகொண்டே இருப்பாள். வீட்டில் யாராவது கூப்பிட்டால் அவள் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் போகாமல் நின்றுவிடுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சாகும்போது என்ன வலி இருந்ததோ அது அவர்களை விடாது.

இதைக் கேட்ட அன்று தங்கச்சி சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் அக்கா அந்த வருடம் வெயில் காலத்தில்தான் செத்திருந்தாள். கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவும் அவளும் ஒரே கம்பெனிதான். விடியுமுன் ஆள் ஏற்ற வேன் வந்து ஆரன் அடித்ததும், "ஏ பெரியவளே, வண்டி வந்துருச்சுளா, தூக்குவாளி எங்க?" என்று அம்மா கத்துவாள். அக்கா செத்த பிறகும் அந்த வாய் நிற்கவில்லை. கத்திவிட்டு, பிறகு சட்டென்று அடங்கி, ஒற்றைத் தூக்குவாளியோடு இறங்கிப் போவாள். இப்போது கம்பெனி பூட்டி வேனே வருவதில்லை. அப்போதும் அந்த நேரத்துக்கு எழுந்து "பெரியவளே" என்பாள். நான் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

"அம்மா கூப்புடுறதாலதான் அக்கா போக முடியாம நிக்கா," என்றாள் தங்கச்சி.

"பொம்மைப் படம் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சாமியார் மாதிரி பேசாதளா," என்று விரட்டினேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் சனத்தில் செத்தவர்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று இல்லை. கல்யாணம் ஆகாமல் செத்த பெண் கன்னி. அவளை வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவோம். புதுப் பாவாடை தாவணி, வளையல், மஞ்சள் எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குள் ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்கிவிடுவார்கள். வருடா வருடம் துணி மாற்ற வேண்டும். எடுத்த துணியை அந்த வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அதை உடுத்த வேண்டியவள் நான்.

ஆனால் கேட்காமல் பெட்டி வைக்கக் கூடாது. குறி சொல்லுகிற கோடாங்கி வந்து உடுக்கை அடிக்க, செத்தவள் வீட்டில் யார் மேலாவது இறங்கி, இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ தன் வாயால் சொல்ல வேண்டும். போகிறேன் என்றால் துணிமணியை ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சீசனில் லீவு கேட்க முடியாது என்பதால் அம்மா இந்த விடுமுறைக்காகவே காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

"அவ ஒம்மேலதான் வருவா. ஒங்கிட்டத்தான் அவளுக்கு ஒட்டுதல். மனச அலைய விடாம உக்காரு," என்று அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். "இருக்கேன்னுதான் சொல்லுவா. வேற எங்க போவா? அவளுக்கு என்ன, போக்கிடமா இருக்கு?"

அம்மா அந்தப் பக்கம் போனதும் தங்கச்சி வந்து ஒட்டிக்கொண்டாள். "அக்கா ஒம்மேல வந்தா போறேன்னு சொல்லச் சொல்லு. வராட்டியும் நீயே சொல்லிரு. அவளுக்கு எரியும்லா."

இரண்டு பேருமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அவள் சாமியாகவும் வேண்டாம், பாலம் தாண்டிப் போகவும் வேண்டாம். என் சீப்பை எடுத்துக்கொண்டு போய்த் தராமல் மல்லுக்கு நிற்கிற அக்காதான் வேண்டும். அது யாராலும் ஆகாது என்பதால் எல்லார் மேலும் கோபம் வந்தது. கோடாங்கி வராமலே போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை அந்தப் படத்தின் கடைசி பாகம். அந்தப் பெண் பாலத்தில் கால் வைக்கப் போகிறாள், பின்னால் அவளுடைய அம்மா ஓடி வருகிறாள், கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் நேரம் காலம் இல்லாமல் கரண்ட் பிடுங்குவார்கள். தங்கச்சி டிவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டு, பார்க்காதவள் மாதிரியே தினமும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "போனாளா அந்தப் பிள்ள?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. கரண்ட் வந்தபோது வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் காரியாபட்டிப் பக்கமிருந்து கோடாங்கி வந்தார். பழம், வெற்றிலை, புதுத் துணி எல்லாம் பரப்பி என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடுக்கை ஆரம்பித்தது. கண்ணை மூடினேன். வியர்வைதான் வந்தது. கால் மரத்துப்போனது. அம்மாவின் ஆசையும் தங்கச்சியின் ஆசையும் இரண்டு காதிலும் மாறி மாறிக் கேட்க, எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். அம்மா ஆடிக்கொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து, கண் மேலே செருகி, இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அக்கா கையை அப்படித்தான் வைத்திருந்தாள்.

"யாரு தாயி வந்திருக்கது?" என்றார் கோடாங்கி.

"இந்த வீட்டு மூத்தவ."

"வீட்லயே இருக்கியா தாயி, வெளியேறிப் போறியா?"

அம்மாவின் வாய் கோணியது. வெளியே வந்த குரல் அம்மாவுடையது இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்தக் கார்ட்டூன்தான் அவளுக்குள் போய் அப்படிப் பேசியதோ என்று பிறகு நினைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அது அக்காதான்.

"எரியுது. இங்கன இருக்க இருக்க எரியுது. எங்கம்மா கூப்புட்டுக்கிட்டே இருக்கா, என்னால முடியல. என்ன விட்ருங்க. நான் போறேன்."

சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தாள். அப்பா ஓடி வந்து தாங்கிக்கொண்டார். நான் தண்ணீர் தெளித்தேன்.

அருள் வந்தவர்களுக்குத் தாங்கள் சொன்னது நினைவிருக்காது. அம்மா கண்ணைத் திறந்து, முடியை ஒதுக்கி, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பெட்டிக்குள் வைக்க வேண்டிய துணி பக்கத்திலேயே இருந்தது. ஒரு கை அதைத் தடவிக்கொண்டிருந்தது.

"வந்தாளா? என்ன சொன்னா? இருக்கேன்னாளா?"

கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். தங்கச்சிதான் முன்னால் போனாள். அக்கா போக வேண்டும் என்று ஒரு வாரமாக என் உயிரை எடுத்தவள், அம்மாவின் மடியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"இருக்கேன்னுதாம்மா சொன்னா."

அம்மா அவள் தலையைத் தடவினாள். முகம் அப்படித் தெளிந்து நான் அந்த வருடம் பார்த்ததே இல்லை.

"எனக்குத் தெரியும்ளா. எங்கிட்டச் சொல்லாம அவ எங்கயும் போமாட்டா."