எக்ஸ்ரேயில் தெரியாத இரண்டு மில்லி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாரம் பகுதி மைதானத்தில் விழுந்தேன். விளையாடும்போது அல்ல — அளக்கும்போது!

பெத்தாங்க் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக: தரையில் கிடக்கும் குட்டி மரப்பந்துக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை வீச வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன விளையாட்டு. சண்டை மட்டும் நம்முடையது. யார் குண்டு கிட்டே என்று சந்தேகம் வந்தால் டேப் எடுத்து அளப்போம். அன்று அளக்க நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வலது முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவி... டக்!

"மூணு மில்லி... நம்மளுதுதான் கிட்ட!" மல்லாந்தபடியே கத்தினேன்.

"நீ வுழுந்தப்ப டேப்பு நகந்துடுச்சுப்பா. செல்லாது," என்றான் எதிரணிக்காரன். மறுபடி அளந்துவிட்டுத்தான் என்னைத் தூக்கினார்கள்.

அதற்குள் காலை நீட்டி, சில்லை நானே உள்ளே தள்ளியிருந்தேன். இதில் நான் எக்ஸ்பர்ட். கல்லூரிக் காலத்திலிருந்தே அது அவ்வப்போது வெளிநடப்பு செய்யும். வலி அதிகமானால் எக்ஸ்ரே. "எலும்புல ஒண்ணுமில்ல" என்பார்கள். அப்படி நான்கு ஃபிலிம்கள் பீரோவில் இருக்கின்றன, டிகிரி சர்டிஃபிகேட்டுக்கு மேலே.

இந்த முறை முட்டி வீங்கிவிட்டது. மனைவி கலைச்செல்வி எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

"இதுவரைக்கும் எத்தன தடவ நழுவியிருக்கு சார்?"

"மூணு நாலு தடவ இருக்கும்."

"வருஷத்துக்கா?" என்றாள் கலைச்செல்வி.

டாக்டரம்மா சிரிக்காமல் எம்.ஆர்.ஐ. எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியுமாம். சில்லுக்கு அடியில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தெரியாதாம். சில்லு நழுவும்போதெல்லாம் உரசித் தேய்வது அதுதான். அது மிச்சமிருந்தால், சில்லை இழுத்துக் கட்ட ஒரு ஆபரேஷன், திரும்ப விளையாடலாம். போயிருந்தால்? குண்டுகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆக, இத்தனை வருடம் நான் பத்திரப்படுத்தியது, பார்க்க வேண்டியதைப் பார்க்காத நான்கு படங்களை!

மெஷினுக்குள் அரைமணி நேரம். தடதடவென்று சத்தம்... காலை அசைக்கக் கூடாது. என் சில்லு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது.

மறுநாள் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ஓரிடத்தில் மட்டும் எலி கடித்த மாதிரி.

"இங்க ரெண்டு மில்லி தேஞ்சிருக்கு. மத்த எடம் நல்லா இருக்கு. இப்பவே கட்டிட்டா காப்பாத்தலாம். இன்னும் நழுவவிட்டீங்கன்னா, அப்புறம் கட்டியும் பிரயோஜனம் இல்ல."

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? "வெறும் ரெண்டு மில்லிதானே டாக்டர்! அடுத்த மாசம் டோர்னமென்ட்... முடிச்சுட்டு வந்துடறேனே?"

"மண்ணுல ஒரு மில்லிக்கு ஊரக் கூட்டி அர மணி நேரம் கத்துறீங்க," என்றாள் கலைச்செல்வி. "முட்டில ரெண்டு மில்லி போனா, அது வெறும் ரெண்டு மில்லியா?"

ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன். நீங்கள் மட்டும் என்னவாம்? பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு விரற்கடை நம் பக்கம் வந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். நமக்குள்ளே தேய்வது மட்டும்... 'பாத்துக்கலாம்'!

வியாழக்கிழமை ஆபரேஷன். எங்கள் கேப்டன் அந்துவான் அண்ணனுக்குப் போன் போட்டேன். பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், பேச்சில் சிக்கனம். டோர்னமென்டுக்கு வர முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"நெஜமாவா? அப்ப இந்த வருஷம் கப்பு நமக்குத்தாம்ப்பா!"