பஸ் பின்னாடி ஓடின ஆர்மோனியம்

தொண்ணூத்தி ஒண்ணுல நான் ஒரு சினிமாவுக்கு ஹீரோ. ஸ்ரீபெரும்புதூரே கூடி நின்னு கை தட்டுச்சு.

பொய்தான். சினிமா இல்ல, வீடியோ. கல்யாண வீடியோ எடுக்கற நம்ம ஃபிரண்டு, முகூர்த்தம் இல்லாத ஆடி மாசத்துல, சும்மா கெடந்த கேமராவுல புடிச்சது. பாத்தது பதினோரு பேரு. அதுல ஒருத்தரு தூங்கிட்டாரு.

கதை இன்னான்னா, ஒருத்தன் ஆர்மோனியத்த தூக்கிகினு ஊர் ஊரா அலையிறான், எவனும் சேத்துக்க மாட்டேன்றான். "செம காமெடிப்பா"ன்னாரு ஃபிரண்டு. என் கதையேதான் அது. நானும் சிரிச்சேன்.

பொண்டாட்டி வேஷத்துக்கு ஆள் கெடைக்காம என் பொண்டாட்டியையே கூப்ட்டோம். கடைசி சீன்ல அவ கோச்சிகினு பஸ் ஏறணும். நான் ஆர்மோனியத்த கழுத்துல மாட்டிகினு பின்னாடியே ஓடி வுழணும். அவ அடுத்த ஸ்டாப்பிங்குல எறங்கி வந்துரணும்.

அன்னிக்கி காத்தால சொன்னா: "இந்தாய்யா, குன்றத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்கே ரெண்டு பேரும் போயிர்லாம். எங்கண்ணன் உன்ன கம்பெனில சேத்து வுட்றேன்னு சொல்லுது."

"ஹீரோவப் போயி நட்டு முடுக்க சொல்றியேம்மே!"

பென்னலூர்ல குன்றத்தூர் பஸ் வந்துச்சு. ஏறினா. நான் ஓடினேன், வுழுந்தேன், முட்டி பேந்துச்சு. அவ அடுத்த ஸ்டாப்பிங்குல எறங்கல.

"உன் சம்சாரம் இன்னா நடிப்புப்பா!"ன்னாரு ஃபிரண்டு. சாயந்திரம் வூட்டுக்குப் போனா கொடில அவ பொடவ ஒண்ணும் இல்ல. எனக்கு ரோஷம் பொத்துகினு வந்துச்சு. மூணு மாசம் அந்தப் பக்கமே போகல.

அப்பாலதான் டீக்கடை டிவில கேசட்ட போட்டாங்கோ. நான் வுழுற எடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்கோ. நான் பஸ் ஜன்னல பாத்தேன். அவ குந்திகினு, பக்கத்து சீட்ல துண்டு போட்டு வெச்சிகீறா. என் துண்டு. எனக்கு எடம் புடிச்சிகீறா. படிக்கட்டு கைக்கு எட்ற தூரத்துலதான் இருந்துச்சு. ஏறியிருக்கலாம். நான் நடிச்சிகினு இருந்தேன்.

மறுநாளே குன்றத்தூர் போனேன். கதவத் தொறந்து, "இன்னா, ஷூட்டிங்கா?"ன்னா.

"துண்ட இப்பதாம்மே பாத்தேன்."

"எறங்கற வரிக்கும் ஒருத்தரையும் அதுல குந்த வுடல. கண்டக்டர் கூட திட்னாரு."

உள்ள போயி, தொவச்சி மடிச்ச துண்ட எடுத்தாந்து என் கைல குட்த்தா. "இனிமே எனக்கு ஒரு சீட்டு போதும்யா."

எதுனா ஜோக்கு சொல்லி சிரிக்க வெச்சிர்லாம்னு வாயத் தொறந்தேன். அவ கண்ண பாத்துகினு...

"யோவ் வாட்ச்மேன்! கேட்ல லாரி ஆரன் அடிச்சிகினு கீது, அங்க குந்திகினு இன்னா எழுதற?"

சூப்பர்வைசரு. தோ வரேன் சார்.