பசியில்லாமல் வரும் விமானம்

“ஒரே எண்ணெய்தான் மாமா. ஆனா எல்லா ஏர்போர்ட்லயும் ஒரே வெலை இல்ல.”

நான் கேட்டது குடிக்கத் தே தாரிக் டீ வேண்டுமா என்று மட்டும்தான். என் மருமகன் சுகுமாறன் இப்படித்தான். செனாய் விமான நிலையத்தில் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றும் லோரி ஓட்டுகிறார். வேலை முடிந்து உலு திராம் வீட்டுக்கு வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“சிங்கப்பூர் காருங்க நம்ம பக்கம் வந்து ஊத்திகிட்டுப் போகுதில்ல? பிளேனும் அப்படித்தான். மலிவா கெடைக்கிற எடத்துல ரொப்பிக்கும். அத்தனையும் சொமந்துகிட்டு வர்றதுக்கே கொஞ்சம் எண்ணெய் எரியும். அப்பயும் கட்டுபடியாச்சுன்னா, நம்மகிட்ட வாயே தொறக்காது லா.”

விமானம் நிறையக் குடித்த நாளில் தெருமுனையிலேயே அவர் விசில் கேட்கும். வேறு ஊரில் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் முகம் தொங்கிவிடும். விருந்துக்குக் கூப்பிட்ட ஆள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி.

“உங்க சம்பளமா கொறையுது, மாப்பிள்ள?”

“இல்ல மாமா. ஹோஸப் புடிச்சிகிட்டு நிக்கிறேன், பைலட்டு போதும்னு கையக் காட்டுறான். மனசு கேக்கல.”

எங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்! முதல் பேத்தி! கொட்டாவி விட்டாலும் வீடே கூடிவிடும். ஆனால் பாலுக்கு வாய் வைத்ததும் தூங்கிவிடுவாள். எடை இறங்கிவிட்டது. அடுத்த முறையும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில்தான் வைக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சுகுமாறன் வாயில் விமானப் பேச்சே இல்லை. என் மகள் சாந்தினி பால் கொடுக்கும்போது அறைக்கு வெளியே நின்று, “குடிக்கிறாளா? இன்னும் குடிக்கிறாளா?” என்பார்.

“அலமாக்! நீங்க போடுற சத்தத்துல குடிக்கிறத விட்டுட்டு உங்களத் தேடுறா. போங்க அந்தப் பக்கம்!” என்று உள்ளேயிருந்து அவள் விரட்டுவாள்.

போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கதவில் காதை வைப்பார்.

இன்று காலை பேத்தியைத் தராசில் வைத்தார்கள். ஏறியிருந்தது! மிஸ்ஸி மறுபடியும் வைத்துப் பார்த்தார். நன்றாகவே ஏறியிருந்தது! நான் கிளினிக் என்றும் பார்க்காமல் கைதட்டிவிட்டேன். வேலையில் இருந்த சுகுமாறனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் விமானத்தின் இரைச்சல்தான் கேட்டது. மனிதர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பேச்சை மாற்ற, “அந்தப் பிளேன் நல்லா குடிச்சுதா, மாப்பிள்ள?” என்று கேட்டுவைத்தேன்.

“ஒரு சொட்டு வேணாம்னுட்டான் மாமா! போவட்டும் லா, எங்க மலிவோ அங்கயே குடிச்சிக்கட்டும். எம் பொண்ணு நம்ம வீட்ல குடிச்சிட்டா!”