மாமாவுக்கு ஒரு கடுமையான சொல்

எங்கள் மாமாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அம்மாவின் கடைசித் தம்பி. போட்டாதாங் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. கப்பலுக்குப் போக வேண்டும் என்று ஒரே வெறி. யாங்கோனில் பாதி வாலிபர்களுக்கு உள்ள வெறிதான். ஆனால் பல்லைக் காட்டிக்கொண்டே பதில் சொல்கிறவனை நம்பி இயந்திர அறையை ஒப்படைக்க முடியாது என்று கப்பலுக்கு ஆள் எடுக்கும் இரண்டு ஏஜென்டுகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் கொஞ்சம் இறங்கி வந்தார். பொறுப்பான ஆள் என்று பெரியவர் யாராவது இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம்.

இங்கிலீஷ் என்றால் எங்கள் வீடுதானே! அப்பா கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் டைப் மிஷினோடு உட்கார்ந்து, ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பவர். வெள்ளைக்காரன் காலத்து அகராதி ஒன்று அவரிடம் இருந்தது. கரையான் அட்டையைத் தின்றுவிட்டு, உள்ளே இருந்ததெல்லாம் புரியாமல் விட்டுவிட்டுப் போயிருந்தது.

"பாப்பா, கண்டிப்பான ஆளுன்னு அர்த்தம் வர்ற வார்த்தையெல்லாம் பாத்து எழுதிவை" என்றார் அப்பா. எனக்குப் பதினோரு வயது. தலைகால் புரியவில்லை.

'ஸ்ட்ரிக்ட்'டில் ஆரம்பித்தேன். அது என்னை 'ஸ்டெர்ன்'னிடம் அனுப்பியது, அது 'சிவிய'ரிடம் அனுப்பியது. முனிசிபல் ஆபீசில் மேசை மேசையாக அனுப்புவார்களே, அதே கதைதான். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு அதிசயம் இருந்தது. 'ஸ்ட்ரிக்ட்' என்றால் முதலில் கயிற்றை இழுத்துக் கட்டியது போன்ற இறுக்கமாம். 'ஆஸ்டியர்' பழைய நாளில் நாக்கை வறட்டும் துவர்ப்பாம். 'சேட்' என்றால் துக்கம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு காலத்தில் அதற்கு அசையாத உறுதி என்று பொருளாம். உறுதியான மனிதனுக்குப் பிறகு என்னதான் ஆனது என்று அப்பாவை நச்சரித்தேன்.

சொற்களை உடனே ஆட்களுக்குப் பங்கு போட்டேன். கணக்கு டீச்சருக்கு 'சிவியர்'. கோயில் தர்மகர்த்தாவுக்கு 'ஆஸ்டியர்'. அவர் முகமும் நெல்லிக்காய் கடித்த முகம்தான். அம்மாவுக்கு எதுவும் பொருந்தவில்லை. அம்மா யாரையும் அதட்டியதே கிடையாது.

அப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டு 'சோபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். குடிக்காதவன், நிதானமானவன், இரண்டும் அதில் அடங்கும். கப்பல்காரன் கொத்திக்கொண்டு போவான் என்றார். கடிதத்தை எழுதிவைத்துவிட்டு, வீட்டில் இருந்த பழைய மிஷினில் என்னையே அடிக்கச் சொல்லி வேலைக்குப் போனார்.

நான் காகிதத்தை மாட்டும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"ஏம்மா, இதுல எந்த வார்த்தய கேட்டா மனுசன் கிட்ட வரப் பயப்படுவான்?"

என்னிடம் ஒருவர் சந்தேகம் கேட்பதா! "கிரிம்" என்றேன் பெருமையாக. "கொடூரமானவன், ஈவிரக்கம் இல்லாதவன். பழைய அர்த்தம்மா."

அம்மா சுவரைப் பார்த்தாள். அங்கே மாலை போட்ட பெரிய மாமா படம் இருந்தது. கப்பலுக்குப் போன மூத்தவர். அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும்தான் திரும்பி வந்தது.

"அப்பா சொன்னத எடுத்துட்டு அதயே போடு. ரெண்டு தடவ போடு. அப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

போட்டேன். மாடி வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க், கண்ணாடி தேடச் சோம்பல்பட்டு, அப்படியே கையெழுத்துப் போட்டார். மாமா எண்ணெய் தடவித் தலைவாரி, புது லுங்கி கட்டி, சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மத்தியானம் திரும்பி வந்தவர் சிரிக்கவில்லை. மாமாவின் சிரிக்காத முகத்தை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"அமலே, அம்மாடி! அந்த ஆளு என்னையும் பாக்கறான், லெட்டரையும் பாக்கறான். மூஞ்சில சிரிப்பு, மனசுல கொடூரம், இப்படிப்பட்டவன்தான் ரொம்ப ஆபத்துங்கறான்க்கா! சிரிச்சாலும் தப்பு, சிரிக்காட்டியும் தப்பு. அக்கா, நான் அப்பிடியா?"

"நீயாடா? உன்னப் போயி..." என்றாள் அம்மா. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாவுக்குப் பிடித்த, தேங்காய்ப்பால் ஊற்றிய கௌஸ்வே நூடுல்ஸ் தயாராக இருந்தது. அவர் வேலை கிடைக்காமல் வருவார் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. கிண்ணம் காலியாகக் காலியாக, மாமாவின் முகத்தைப் பார்க்காமலே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அந்த வார்த்தை இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

அம்மாவின் கை என் கிண்ணத்துக்கு மேல் வந்தது. அவித்த முட்டை ஒன்று விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்குப் பாதி முட்டைதான் வழக்கம். ஒரு எழுத்துகூடத் தப்பாமல் டைப் அடித்ததற்குப் பரிசு என்று நினைத்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இரண்டையும் ரசித்துத் தின்றேன்.