மம்சாபுரம் விலக்கில் ஆஸ்திரேலியா

என் மகள் இப்போதெல்லாம் பேருந்தில் சன்னலோரம் உட்காருவதில்லை. மடியில் புத்தகப் பையை வைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்கிறாள். பார்ப்பவர்கள் பிள்ளை தூங்குகிறது என்று நினைப்பார்கள். இமைகள் துடிப்பது பக்கத்தில் இருக்கும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓர் அரசு அலுவலகத்தில். அவளையும் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டேன். இப்போது நான்காம் வகுப்பு. அவள் அப்பா ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம். ஆகவே காலையும் மாலையும் நாங்கள் இரண்டு பேரும் பேருந்துமாகத்தான் எங்கள் குடும்பம்.

முன்பெல்லாம் சன்னலோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். போகும்போது இடதுபக்கம், அதாவது மலைப்பக்கம்தான் வேண்டும். ஒருநாள் கேட்டாள்: "அம்மா, மரம், போஸ்ட்டு எல்லாம் பின்னால ஓடுது. மலை மட்டும் ஏம்மா நம்மகூடவே வருது?"

அன்று அலுவலகத்தில் ஏதோ ஆய்வு. "பொறவு சொல்றேன்" என்றேன். அப்புறம் சொல்லவே இல்லை. அவளும் அதற்குப் பிறகு எத்தனையோ கேட்டாள், அதை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

இப்படி ஓயாமல் கேள்வி கேட்கிறாள் என்பதற்காகத்தான் பொது அறிவுப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார் வகுப்பு ஆசிரியை. பல பள்ளிகள் சேர்ந்து நடத்துவது. உலக வரலாறு, புவியியல், அறிவியல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வேலையே எனக்குப் பொது அறிவால் கிடைத்ததுதான். கைக்குழந்தையாக இருந்த அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைத்தபடியே அரசுத் தேர்வுக்குப் படித்தேன். புத்தகத்தைப் பிரிக்க நேரம் இருக்காது என்பதால், அடுப்படியில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செய்தியை ஒட்டி வைத்தேன். குக்கர் என்றால் நீராவி இயந்திரம். மஞ்சள் டப்பா என்றால் வாஸ்கோட காமா. உப்பு ஜாடி என்றால் வேதாரண்யம். தேர்வறையில் கண்ணை மூடி அடுப்படிக்குள் ஒரு சுற்று நடந்தேன், விடைகள் வரிசையாக வந்தன.

அதையே அவளுக்கும் செய்தேன். வீட்டில் நேரம் ஏது? பேருந்துதான் எங்கள் வகுப்பறை. பழைய பேருந்து நிலையத்தில் ஏறியதும் கூட்டம் அலைமோதும். அங்கே பசிபிக் பெருங்கடல். பஞ்சாலை வந்தால் தொழிற்புரட்சி, இங்கிலாந்து. பெட்ரோல் பங்கில் டயருக்கு நைட்ரஜன் நிரப்பும் பலகை இருக்கிறது. காற்றில் அதிகம் உள்ள வாயு. மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் ஆஸ்திரேலியா, தலைநகரம் கான்பெரா. கடைசியில் மடவார்வளாகத்துக் கோபுரம் தெரிந்தால் எகிப்தின் பிரமிடுகள். நடுவே இன்னும் பல. நான் அவள் தொடையில் தட்டுவேன், அவள் சொல்வாள். தவறினால் மறுநாள் இரண்டு முறை.

நடத்துநருக்கு இது பெரிய வேடிக்கை. இளவட்டம், சும்மா இருக்க மாட்டார்.

"ஆஸ்திரேலியா! ஆஸ்திரேலியா எறங்குறவுக எல்லாம் முன்னால வாங்க!" என்று விசிலை ஊதுவார்.

மம்சாபுரத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டே, "ஏலே, ஆஸ்திரேலியாவுக்கு மகளிர் இலவசம் உண்டா?" என்பாள்.

"இங்கிலாந்து வரைக்கும்தான் ஃப்ரீ. அங்கிட்டு நடந்துதான் போகணும்."

பேருந்தே சிரிக்கும். என் மகளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். விளையாட்டாகத்தானே படிக்கிறாள், இதில் என்ன கெட்டுவிடும் என்று.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். தேர்வு முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் உப்பு ஜாடியைத் திறந்தால் எனக்கு வேதாரண்யம்தான் முதலில் வருகிறது. பிறகுதான் குழம்பு. என் அடுப்படி எனக்கு முழுதாகத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அது தெரிந்திருந்தும் அவளுடைய சாலையில் கை வைத்தேன். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மார்கள் பின்வரிசையில். கேள்வி கேட்டதும் மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும். அவளுக்கு முதல் கேள்வி, உலகின் மிகப் பெரிய பெருங்கடல். கேட்டு வாய் மூடவில்லை, "பசிபிக்!" என்றாள். நான் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அந்தக் கேள்வி பேருந்து நிலையத்திலேயே இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கேட்டார்கள்.

அவள் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. என் பக்கத்தில் இருந்த ஒரு தாய், "பிள்ளைக்கு மயக்கம் வருதோ?" என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பேருந்தில் ஏறியிருந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து, ஒவ்வொரு நிறுத்தமாக, நான் தட்டிய வரிசையில் வந்துகொண்டிருந்தாள். எனக்கு எழுத்துத் தேர்வு. அடுப்படியைச் சுற்றிவர நேரம் இருந்தது. அவளுக்கு இல்லை.

மணி அடித்தது. அவள் கண்ணைத் திறந்து, கேட்டவரைப் பார்த்துக் கெஞ்சலாகச் சொன்னாள்:

"சார், செத்த நேரம் சார். பஸ்ஸு இன்னும் மில்லத் தாண்டல."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லை, சிரிப்பு வரத்தான் செய்யும். வேறு பள்ளிச் சிறுமி ஒருத்தி விடையைச் சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டாள். அடுத்து இவளிடம் பிரமிடுகள் எந்த நாட்டில் என்று கேட்டார்கள். அதற்குக் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். இவள் கண்ணை மூடவே இல்லை. திரும்பிப் பின்வரிசையில் என்னைத் தேடினாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த ஒரு குனிவு. அவள் தோற்றதுகூட அதற்கு அடுத்ததுதான்.

அன்று திரும்பி வரும்போது, "எல்லாம் தலைகீழா வருதும்மா. முதல்ல பிரமிடு வருது" என்றாள். மறுநாள் காலையில் நான் அவளுக்காக சன்னலோரம் இடம் பிடித்துவைத்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு தாயி."

"சன்னல் வேண்டாம்மா. அங்கன கேள்வி வருது."

இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். போட்டி முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் மறந்துவிடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் எனக்காகத் தலையாட்டுகிறாள் என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. நடத்துநருக்கு விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து, "மம்சாபுரம் விலக்கு" என்று மெல்ல, ஏதோ துக்க வீட்டில் சொல்வதுபோலச் சொல்வார். கண்ணை மூடியபடியே என் மகள் முணுமுணுப்பாள்: "கான்பெரா."

அவள் அப்பாவிடம் போனில் அழுதேன். மறக்க வைப்பதற்கு வழி என்ன, வேறு பேருந்தில் போகலாமா, வேறு பாதை இருக்கிறதா, டாக்டரிடம் காட்டலாமா என்று அடுக்கினேன்.

"ஏட்டி, படிச்சத மறக்கிறதுக்கும் ஒரு டியூஷன் ஆரம்பிச்சிட்டியாக்கும்?" என்றார். பிறகு, "அவள செத்த சும்மா விடேன்" என்றார்.

சும்மா விடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளை பேசாமல் வந்தால் மனம் ஒடிந்துவிட்டதோ என்று பார்க்கிறேன். பேசினால் எனக்காகப் பேசுகிறாளோ என்று பார்க்கிறேன். பார்ப்பதையாவது நிறுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் பார்க்கிறேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, சென்ற வாரம் ஒருநாள் காலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டி விலக்கு வருவதற்கு முன்பே பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு நின்றது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். நடத்துநர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். என் மகளையும் பார்த்தார். வாய் துறுதுறுத்திருக்க வேண்டும், அடக்க முடியவில்லை.

"பாப்பா, நம்ம நைட்ரஜன் அம்புட்டும் போயிருச்சு."

நான் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தேன். மகள் டயரையே உற்றுப் பார்த்தாள். "ஆக்சிஜனும்தான் மாமா போயிருக்கும்" என்றாள். "கொஞ்சூண்டு."

"அப்ப டிப்போவுல ரெண்டுக்கும் கணக்குச் சொல்லணுமா? செத்தேன் நான்!"

அவள் சிரித்தாள். போட்டிக்குப் பிறகு பேருந்துப் பக்கத்தில் நின்று அவள் சிரித்தது அன்றுதான்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. கடை இல்லை, பலகை இல்லை, நிறுத்தம் இல்லை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் உழுதுபோட்ட வெறும் வயல்காடு. நான் எதையும் ஒட்டாமல் விட்ட துண்டுச் சாலை. அவள் மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள், யாராவது தொடையில் தட்டுவார்களோ என்பதுபோல. யாரும் தட்டவில்லை. அப்புறம் தோப்புக்கு மேலே பார்த்தாள்.

"அம்மா, மலை நின்னுருச்சு."

விளக்கம் முழுதும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் உள்ளவை கண்ணில் வேகமாக நகரும், தூரத்தில் உள்ளவை நகர்வதே தெரியாது, பார்க்கும் கோணம்... அது மட்டுமா, அந்த மலைக்காட்டில் நரை அணில் இருக்கிறது, அதற்கென்றே சரணாலயம் வைத்திருக்கிறார்கள், கட்டாயம் கேட்கக்கூடிய கேள்வி. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அப்படி மூடியது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அன்று கேட்டபோதும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லையே என்று ஒரு மனம் குத்தியது.

"ஆமா, நின்னுருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"நாம நின்னா அதுவும் நிக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கிளம்புனா வருதான்னு பாப்பமா?"

பின்னால் வந்த பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள். இடதுபக்கம் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது, சன்னலோரம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உட்கார்ந்தாள். மூக்கு கம்பியில் படுகிற அளவுக்கு முகத்தை வைத்துக்கொண்டாள். பேருந்து கிளம்பியது. "வருதும்மா" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

விலக்கு வந்தபோது அவள் இமை தானாக மூடிக்கொண்டது. உதடு ஒருமுறை அசைந்தது. பேருந்து அதைத் தாண்டியதும் கண்ணைத் திறந்து மறுபடியும் மலையைத் தேடினாள்.

இப்போதும் பெரும்பாலும் சன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு உள்பக்கம்தான் உட்காருகிறாள். தென்னந்தோப்பு வரும் இடத்தில் மட்டும் என் மடியைத் தாண்டிக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். அந்த இடம் நெருங்கும்போது நான் சாய்ந்து உட்கார்ந்து வழிவிடுகிறேன். தட்டிப் பழகிய கைகள் இரண்டையும் என் பைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.